கனேரித் தீவுகளுக்குப் போய்வந்த திருகோணமலை ஆக்கள், உங்கட அனுபவத்தை எழுதுங்கோ

உப்புவெளி அக்கா:
லண்டனில இருக்கிற மகனோட லான்சரோட்டே போனனான். பிளைட், ஹோட்டல் கதையெல்லாம் விடுவம். அங்க திமன்ஃபாயா எண்ட எரிமலைப் பூங்காவில வேலை செய்யிற ஒருத்தர் நிலத்தைக் கொஞ்சம் கிண்டி, ஒரு பிடி சரளைக்கல்லை என்ர உள்ளங்கையில போட்டார். ஐயோ எண்டு உதறிட்டன். பிறகு நிலத்தில புதைச்ச குழாய்க்குள்ள ஒரு வாளி தண்ணி ஊத்தினார். ஒரு சத்தமும் இல்லை. திடீரெண்டு ஆவி சீறிக்கொண்டு வீட்டுக் கூரையையும் தாண்டி எழும்பிச்சுது. எல்லாரும் கைதட்டினவை. அங்க எரிமலை வெடிச்சது 1730 தொடக்கம் 1736 வரைக்கும். இன்னும் ஆறேல்லை! எனக்கு செத்துப்போன அம்மான்ர அந்தியேட்டிச் சடங்குதான் கண்ணுக்குள்ள வந்தது. எங்கட திருகோணமலைக் கன்னியாவில ஏழு சுடுதண்ணிக் கிணத்திலயும் அள்ளி வாத்தனாங்கள், கிணத்துக்குக் கிணறு சூடு வேற. "கை சுட்டுட்டுதோ அம்மா?" எண்டு மகன் கேட்டான். ஓம் எண்டன்.

நிலாவெளித் தம்பி:
அக்கா, குறை நினைக்காதேங்கோ, கன்னியாவையும் எரிமலையையும் ஒண்டாக்க ஏலாது. இலங்கையில உயிரோட எரிமலை இல்லை. மழைத்தண்ணி பாறை வெடிப்புக்குள்ளால ஆழத்துக்கு இறங்கி, சூடேறித் திரும்ப வருது, அவ்வளவுதான்.
நான் டெனரீஃப் தீவில டெய்டே எரிமலைக்குப் போனனான். கீழ கடற்கரையில நல்ல வெயில், மேல பல்லுக் கிடுகிடுத்தது. கந்தக மணம் வேற.
போறவைக்குச் சொல்லுறன். கேபிள் கார் 3,555 மீற்றரில இறக்கி விடும். உச்சி 3,715 மீற்றர், அதுக்கு அனுமதி முன்னமே எடுக்கோணும், அங்க போய் நிண்டு கெஞ்சிப் பிரயோசனமில்லை. காத்து பலமெண்டால் கேபிள் கார் ஓடாது, அதால கடைசி நாளுக்கு வைக்காதேங்கோ. நெஞ்சு வருத்தக்காரரும் கர்ப்பிணிப் பிள்ளைகளும் ஏற வேண்டாம். தடிச்ச ஜாக்கெட், சப்பாத்து கட்டாயம். தேசியப் பூங்காவில கல்லுப் பொறுக்கி பைக்குள்ள போடாதேங்கோ.

மூதூர்க்காரன்:
தம்பி, கல்லு எண்டதும் எழுதோணும் போல இருக்கு. ஸ்பெயினில வேலை செய்யிற மச்சான் என்னை லா பால்மாவுக்குக் கூட்டிக்கொண்டு போனவர். 2021 செப்ரெம்பர் 19 எரிமலை வெடிச்சு, டிசம்பர் 13 வரைக்கும் கக்கின இடம். தார் ரோட்டு நேர போய்க் கறுப்புக் கல்லுச் சுவரில முட்டி நிக்குது. தொடோக்கே எண்ட ஊர் அதுக்குக் கீழ. வயசுபோன மனுசன் ஒருத்தர் விரலை நீட்டி ஏதோ சொன்னார். மச்சான் மொழிபெயர்த்தார்: "அந்த மேட்டுக்குக் கீழதான் என்ர வீடு."
2006 இல சண்டைக்குள்ள நாங்களும் உடுத்த உடுப்போட மூதூரை விட்டு வெளிக்கிட்டனாங்கள். திரும்பி வரேக்க கூரை இல்லை, ஆனா கிணறு இருந்தது. முதல்ல கிணத்தைத்தான் இறைச்சனாங்கள். அந்த மனுசனுக்கு இறைக்கக் கிணறும் இல்லை.

உப்புவெளி அக்கா:
தம்பி, கன்னியா எரிமலை எண்டு நான் எழுதேல்லை, கையில பட்ட சூட்டைத்தான் எழுதினன்.
மூதூர் அண்ணா, அவர் இப்ப எங்க இருக்கிறாராம்? கேட்டனீங்களோ?