ஏடிசிஎல் பியானோ மாணவிக்கு: புது 151 செ.மீ. கிராண்டா, பழைய சி3யா, யு3 அப்ரைட்டா?

பெசன்ட்நகர் அப்பா:
வணக்கம். மகள் ட்ரினிட்டி காலேஜ் லண்டனின் பியானோ கிரேடு 8 முடித்து, அதன் டிப்ளமோவான ஏடிசிஎல்லுக்குத் தயாராகிறாள். இதுவரை டிஜிட்டல் பியானோவில்தான் பயிற்சி. இனி அது போதாது என்கிறார் டீச்சர். மூன்று யமஹா பார்த்து வைத்திருக்கிறோம். கம்பிகள் கிடையாக இருக்கும் கிராண்ட் வகையில் இரண்டு: புது ஜிபி1கே, 151 செ.மீ. ஜப்பானிலிருந்து வந்த 1990களின் கடைசியில் செய்த சி3, 186 செ.மீ., "ரீகண்டிஷன்" செய்தது என்கிறார் விற்பவர். மூன்றாவது, பழைய யு3 அப்ரைட் (கம்பிகள் செங்குத்தாக நிற்பது), உயரம் 131 செ.மீ. முதல் இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை, யு3 பாதிக்கும் கீழே. கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, மூன்றாவது மாடி வீடு. ஹால் 12க்கு 16 அடி. இரவில் மட்டும் ஏசி. எதை எடுக்கலாம், பழையதை எப்படிச் சோதிப்பது?

சுதிச்சாவி:
சார், டிப்ளமோ நிலையில் கிராண்ட் கேட்பது முக்கியமாக, கட்டையை அழுத்தினால் ஹேமர் (சுத்தியல்) கம்பியை அடிக்கச் செய்யும் அமைப்பான ஆக்‌ஷனுக்காக. 1821இல் பியானோ தயாரிப்பாளர் எரார் காப்புரிமை பெற்ற இரட்டை எஸ்கேப்மென்ட்டின் (எஸ்கேப்மென்ட் என்பது, அடிக்கும் முன் ஹேமரைத் தள்ளும் பாகம் விலகிக்கொள்ளும் ஏற்பாடு) வழிவந்ததுதான் இன்றைய கிராண்ட் ஆக்‌ஷன். கட்டை பாதி எழும்பும்போதே மறுபடி அடிக்கலாம். அப்ரைட்டில் கட்டை கிட்டத்தட்ட முழுசாக மேலே வந்தால்தான் ஹேமர் அடுத்த அடிக்குத் தயாராகும். இடது பெடலும் வேறு. கிராண்டில் ஆக்‌ஷன் மொத்தமும் வலப்பக்கம் நகர்ந்து மூன்று கம்பியில் இரண்டை மட்டும் அடிக்கும், நாதமே மாறும். அப்ரைட்டில் ஹேமர் கம்பிக்குக் கிட்டே வரும், சத்தம் குறையும், அவ்வளவுதான்.

ஆனால் 151 செ.மீ. கிராண்டின் பேஸ் (கீழ்ச்சுர) கம்பி, யு3யின் பேஸ் கம்பியைவிட நீளம் என்று சொல்லிவிட முடியாது. நீளம் குறைந்தால் செம்புச் சுற்றைத் தடிப்பாக்க வேண்டும். கம்பி விறைத்து, அதன் மேல்சுரங்கள் இருக்கவேண்டிய இடத்தைவிட ஏறிப்போய்விடும். கீழ்க்கோடி சுரங்கள் கலங்கிக் கேட்பது அதனால்தான், ட்யூனிங்கால் அது தீராது. என் வரிசை: சோதனையில் தேறினால் சி3, இல்லாவிட்டால் யு3, அப்புறம்தான் அந்த 151 செ.மீ. பேபி கிராண்ட்.

சோதனையில் முதலில் பின் பிளாக், அதாவது கம்பிகளை இறுக்கும் ட்யூனிங் பின்கள் பதிந்திருக்கும் மரக்கட்டை. ட்யூனரை அழைத்துப்போய் பேஸ், நடு, ட்ரெபிள் என்று எல்லா இடத்திலும் சில ட்யூனிங் பின்களைத் திருகிப் பார்க்கச் சொல்லுங்கள். எதிர்ப்பே இல்லாமல் திரும்பினால் சுதி நிற்காது. பின்களைச் சுற்றிப் பளபளப்பான பசைக்கறை இருந்தாலோ, அங்கங்கே மட்டும் தடித்த பின்கள் போட்டிருந்தாலோ, தளர்ந்ததற்கு ஒட்டுப்போட்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இதில் தேறாவிட்டால் மற்றது எதையும் பார்க்க வேண்டாம்.

கட்டையின் கனத்தை நீங்களே பார்க்கலாம். 10 ரூபாய் நாணயம் ஒன்று 7.7 கிராம். வலது பெடலை மிதித்து டாம்பர்களை (கம்பியின் ஒலியை அடக்கும் ஃபெல்ட் துண்டுகள்) தூக்கிக்கொண்டு, நடு சி கட்டையின் முன்நுனியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே ஏழு நாணயம் அடுக்குங்கள். கட்டை மெதுவாக இறங்கி, எஸ்கேப்மென்ட் தட்டுப்படும் இடத்தில் நிற்க வேண்டும். அந்த நிலையில் நான்கை எடுத்துவிட்டால் மீதி மூன்றையும் சுமந்துகொண்டு எழ வேண்டும். ஏழுக்கும் அசையாவிட்டால் ஈரத்தில் கட்டையின் துளையில் உள்ள புஷிங் ஃபெல்ட் உப்பியிருக்கலாம், ஹேமர் மூட்டின் சென்டர் பின் இறுகியிருக்கலாம். இது சரிசெய்யக்கூடிய கோளாறு, விலையில் பேசிக்கொள்ளலாம்.

பிறகு டார்ச்சோடு கீழே படுத்து, ஒலியைப் பெருக்கும் மரப்பலகையான சவுண்ட்போர்டைப் பாருங்கள். அதன் அடியில் ஒட்டியிருக்கும் தாங்கு சட்டமான ரிப் ஒன்றை ஒட்டி விளிம்பிலிருந்து விளிம்புக்கு ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் நடுவில் ஒன்றிரண்டு மி.மீ. இடைவெளி தெரிய வேண்டும். பலகை நூலைத் தொட்டால் வளைவு போய்விட்டது. விரிசல் மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம், ரிப் விடாமல் ஒட்டியிருந்தால் போதும். கம்பியின் அதிர்வைப் பலகைக்குக் கடத்தும் பிரிட்ஜில் பின்களை ஒட்டிப் பிளவு ஓடியிருந்தால் அது பெரிய செலவு.

வெள்ளைக்கட்டை:
சோதனை முறையெல்லாம் சரி, வரிசையில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. சி3 தேறவில்லை என்றால் நான் பேபி கிராண்டைத்தான் சொல்வேன். ஒரே சுரத்தை வேகமாகத் திருப்பி அடிப்பது, இடது பெடல் தரும் நாதநிறம், இவை அப்ரைட்டில் கைக்கு வராது. தேர்வு அன்று கிராண்டில் உட்கார்ந்து புதிதாகப் பழக முடியுமா? பேஸ் கொஞ்சம் மங்கலாக இருப்பது அந்த அளவுக்கு நஷ்டமில்லை.

கடையில் இரண்டு விஷயம் பாருங்கள். சின்ன கிராண்டில் கட்டை உள்ளே குட்டையாக இருக்கும், அதனால் கருப்புக் கட்டைகளுக்கு இடையில் விரலை நுழைத்து வாசித்தால் கனம் கூடும். ஈ பிளாட் மைனர் மாதிரி ஒரு ஸ்கேலை மெதுவாக வாசிக்கச் சொன்னால் மகளுக்கே தெரிந்துவிடும். அடுத்து நடு பெடல். நடு சிக்கு அடுத்த மேல் ஆக்டேவில் ஒரு கார்டைப் பிடித்தபடி அதை மிதித்து, கையை எடுக்கச் சொல்லுங்கள். அந்தக் கார்டு மட்டும் நின்று ஒலித்தால் அசல் சொஸ்டெனூட்டோ. சில மாடல்களில் அது பேஸ் டாம்பர்களை மட்டும் தூக்கும்.

பெசன்ட்நகர் அப்பா:
இரண்டு பேருக்கும் நன்றி. "ரீகண்டிஷன்" என்றால் என்ன செய்திருப்பார்கள்? எங்கள் ஏசி பழக்கம் பியானோவுக்கு ஆகுமா?

சுதிச்சாவி:
அந்தச் சொல்லுக்கு அளவுகோல் கிடையாது சார். ஹேமர் மாற்றினார்களா, மேலாகத் தேய்த்து வடிவம் மட்டும் கொடுத்தார்களா, பேஸ் கம்பி புதுசா, ரெகுலேஷன் (கட்டை, ஹேமர் அசைவுகளின் அளவைச் சரிசெய்வது) எப்போது செய்தது என்று எழுதி வாங்குங்கள். பாலிஷ் மட்டும் போட்டுவிட்டு இந்தப் பெயரில் விற்பதும் உண்டு. சீரியல் எண்ணை வைத்து ஆண்டையும் சரிபாருங்கள்.

ஏசிதான் உங்கள் வீட்டில் பெரிய பிரச்சினை. இரவில் காயும், பகலில் கடல்காற்று உள்ளே வரும். ஈரத்தில் சவுண்ட்போர்டு உப்பி மேலே எழும்பிக் கம்பியை இறுக்கும், நடுப்பகுதி சுதி ஏறும். காய்ந்தால் இறங்கும். தினமும் இப்படி ஆடினால் எவ்வளவு ட்யூன் செய்தும் பிரயோஜனமில்லை. பியானோ பக்கத்தில் ஈரப்பதம் காட்டும் ஹைக்ரோமீட்டர் ஒன்று வையுங்கள், 45 முதல் 60 சதவீதத்துக்குள் நிலையாக நிற்க வேண்டும். சவுண்ட்போர்டுக்குக் கீழே, ஈரப்பதத்துக்கு ஏற்பத் தானாக ஆன்-ஆஃப் செய்யும் ஹியூமிடிஸ்டாட்டோடு சேர்ந்த ஹீட்டர் ராடு பொருத்தச் சொல்லுங்கள். ஹியூமிடிஸ்டாட் இல்லாமல் நேராக பிளக்கில் சொருகினால் அளவுக்கு மீறிக் காய்ந்து பின் பிளாக்கே தளரும். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்கும், வாசிக்காதபோது மூடி வையுங்கள். மழைக்காலம் முடிந்து ஜனவரியில் ஒரு ட்யூனிங் கட்டாயம்.

வெள்ளைக்கட்டை:
இன்னொன்று, அட்வான்ஸ் கொடுக்கும் முன் லிஃப்டை அளந்துவிடுங்கள். சி3 சுமார் 320 கிலோ. காலையும், பெடல்களைத் தாங்கும் சட்டமான லயரையும் கழற்றி, நேர்விளிம்பு கீழே வரும்படி பலகையில் சாய்த்துக் கட்டித்தான் நகர்த்துவார்கள். அப்போது நீளம் 186, உயரம் பலகையோடு 150 செ.மீ.க்கு மேல். 6 பேர் லிஃப்ட் 408 கிலோ தாங்கும், ஆனால் உள்ளே அந்த நீளம் கிடைக்காது. படிக்கட்டில்தான் ஏற்ற வேண்டும் என்றால், தூக்குபவர்களை முன்கூட்டியே வரவழைத்து ஒவ்வொரு திருப்பத்தையும் காட்டி, கூலியையும் அப்போதே பேசிவிடுங்கள்.