டெல்டா ஹப் போன பிறகு சின்சினாட்டி: டிக்கெட் விலை ஏன் இறங்கியது, ஊருக்கு மிஞ்சியது என்ன?

ஆற்றங்கரை (கேள்வி):

அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் உள்ள சின்சினாட்டி நகரின் விமான நிலையக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. டெல்டா விமான நிறுவனம் அங்கே ஒரு ஹப், அதாவது பயணிகளை விமானம் மாற்றி அனுப்பும் மையம், வைத்திருந்தது; பிறகு அதைச் சுருக்கிவிட்டது. 2005இல் வந்துபோன பயணிகள் 2 கோடியே 20 லட்சத்துக்கும் மேல். 2013இல் வெறும் 57 லட்சம். எட்டே வருடத்தில் முக்கால் பங்கு போய்விட்டது. இப்படி ஆனால் ஊரே படுத்திருக்க வேண்டும். ஆனால் அதே காலத்தில்தான் நகர மையத்தை ஒட்டிய ஓவர்-தி-ரைன் என்ற பழைய பகுதி எழுந்து நின்றது, 2012இல் வாஷிங்டன் பூங்கா புதுப்பித்துத் திறக்கப்பட்டது, 2016இல் டிராம் ஓட ஆரம்பித்தது. டிக்கெட் விலையும் இறங்கியது.

ஹப் போனால் போட்டி குறையும், விலை ஏறும் என்றுதானே நினைப்போம்? நடந்தது ஏன் தலைகீழ்? உள்ளூர் வணிகத்துக்கு இதில் நட்டமா லாபமா? சிறு வணிகர் சங்கம் ஒன்றுக்குக் குறிப்பு எழுதுகிறேன். "புதிய நேரடி விமானம் வர ஊர்ப் பணம் போடலாமா" என்று அவர்கள் கேட்கிறார்கள். பொதுப்படையாக இல்லாமல் கணக்கோடு சொன்னால் நல்லது.

---

ஓடுபாதை27:

முதலில் அந்த 2 கோடியைப் பிரித்துப் பாருங்கள். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் விமானம் மாறப் போனவர்கள். ஒரு கேட்டில் இறங்கி, இன்னொரு கேட்டில் ஏறி, ஊரைக் கண்ணால் பார்க்காமல் போனவர்கள். அவர்களைச் சின்சினாட்டி இழக்கவில்லை. டெல்டா அவர்களை வேறு வாசல் வழியாக அனுப்பியது, அவ்வளவுதான்.

விலை விஷயத்துக்கு வருகிறேன். ஹப் ஊரில் வசிப்பவர் சிறைப்பட்ட வாடிக்கையாளர். டெல்டாவும் அதன் துணை நிறுவனம் காம்ஏரும் சேர்ந்து தினம் 600க்கு மேல் விமானங்கள் ஓட்டியபோது வேறு யாரும் உள்ளே வந்து நிற்க முடியவில்லை. புதியவர் ஒரு வழித்தடத்தில் விலையைக் குறைத்தால், டெல்டா அந்த ஒன்றில் மட்டும் அதே விலைக்கு இறங்கி அவரைத் துரத்திவிடும். அதனால் நாட்டிலேயே சராசரி டிக்கெட் விலை மிக அதிகமான நிலையங்களில் ஒன்றாக இது பல வருடம் இருந்தது. மக்கள் காரை எடுத்துக்கொண்டு டேட்டன், லூயிவில், இண்டியானாபொலிஸ், கொலம்பஸ் என்று போனார்கள். எல்லாம் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவு. நான்கு பேர் குடும்பம் என்றால் பெட்ரோல் செலவு போக நிறையவே மிச்சம்.

இன்னொரு பூட்டு கேட் குத்தகை. அந்தக் காலத்து ஒப்பந்தங்களில் கேட்கள் குறிப்பிட்ட நிறுவனத்துக்கே தனியுரிமை. விமானம் நிற்காவிட்டாலும் கேட் அவர்களுடையது. செலவு பிடிக்கும் கட்டுமானங்களில் பெரிய நிறுவனத்துக்கு மறுக்கும் உரிமையும் உண்டு. சின்சினாட்டியின் பழைய ஒப்பந்தம் 2015 கடைசியில் முடிந்த பிறகுதான் நிர்வாகத்துக்குக் கை முழுதாக விடுபட்டது. குறைந்த கட்டண விமான நிறுவனங்களான ஃப்ரான்டியர் 2013இல் வந்தது, அலீஜியன்ட் 2014இல், சவுத்வெஸ்ட் 2017இல். விலை இறங்கியதற்குக் காரணம் ஹப் போனது மட்டும் அல்ல. போன இடத்தில் வேறொருவர் வந்து நிற்க முடிந்ததே காரணம்.

ஹப் ஏன் போனது என்பதற்கும் ஒரு வரி. அது பெரும்பாலும் 50 இருக்கை ஜெட்டுகளால் கட்டிய ஹப். சிஆர்ஜே என்ற அந்தச் சிறு ஜெட்டை 1993இல் அமெரிக்காவில் முதலில் ஓட்டியதே காம்ஏர்தான். எண்ணெய் விலை 2008இல் ஏறியதும் அந்தச் சிறிய ஜெட்டில் ஒரு இருக்கைக்கான செலவு தாங்கவில்லை. அதே வருடம் நார்த்வெஸ்ட் விமான நிறுவனத்தை வாங்கியதில் டெல்டாவுக்கு டெட்ராய்ட் ஹப் கிடைத்தது. அது சுமார் 230 மைல்தான். ஒரே வேலைக்கு இரண்டு ஹப் எதற்கு? காம்ஏர் 2012இல் மூடப்பட்டது. சிறு ஜெட்டுகளுக்கென்றே கட்டி, பஸ்ஸில் மட்டும் போய்வரக்கூடிய கான்கோர்ஸ் சி (கேட்கள் வரிசையாக உள்ள கட்டடம்) அதற்கு முன்பே பூட்டப்பட்டு, பிறகு இடிபட்டது.

---

இறங்குஎடை:

மேலே சொன்னது சரி. ஆனால் நிலையம் திவாலாகாமல் நின்றது எப்படி என்பதைச் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான்.

விமான நிலையம் ஓடுபாதைக்கு வாங்கும் கட்டணம் பயணி தலைக்கு இல்லை. விமானத்தின் அதிகபட்ச இறங்கு எடைக்கு, ஆயிரம் பவுண்டுக்கு இவ்வளவு என்று. 50 இருக்கை சிஆர்ஜே-200இன் இறங்கு எடை 47,000 பவுண்டு. சரக்கு ஏற்றும் போயிங் 767-300 ஒன்றுக்கு 3,26,000 பவுண்டு. ஆக ஒரு சரக்கு 767 இறங்கினால் ஏழு சிறு ஜெட் இறங்கிய கணக்கு. அதற்குக் காத்திருப்பு அறை வேண்டாம், பாதுகாப்புச் சோதனை வரிசை வேண்டாம், கழிப்பறை கழுவ ஆள் வேண்டாம்.

பார்சல் நிறுவனமான டிஎச்எல் ஓஹாயோவின் வில்மிங்டனுக்குப் போயிருந்தது. அமெரிக்க உள்நாட்டு சேவையை மூடியபோது 2009இல் சின்சினாட்டிக்குத் திரும்பியது. வில்மிங்டன் என்ற அந்தச் சிற்றூர் அடைந்த அடி பெரிது, அது தனிக் கதை. இன்று லைப்ஸிக், ஹாங்காங் இரண்டோடு டிஎச்எல்லின் மூன்று பெரிய உலக மையங்களில் இது ஒன்று. அமேசான் 2017 ஜனவரியில் சுமார் 150 கோடி டாலர் திட்டத்தை அறிவித்து, 2021 ஆகஸ்டில் தன் மையத்தைத் திறந்தது. ஓடுபாதைச் செலவு மாறாமல் இருக்கும்போது அதைப் பங்குபோடும் மொத்த எடை கூடினால், ஆயிரம் பவுண்டுக்கான வீதம் இறங்கும். அந்த மலிவு பயணிகள் விமானத்துக்கும் கிடைக்கிறது. குறைந்த கட்டண நிறுவனங்களை இழுக்க இதைவிட நல்ல தூண்டில் இல்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விமானம் மாறுபவர் ஒரு காபி வாங்குவார். உள்ளூர்ப் பயணி ஐந்து நாள் காரை நிறுத்திவிட்டுப் போவார். வெளியூரிலிருந்து வருபவர் வாடகைக் கார் எடுப்பார். நிலையத்துக்கு விமான நிறுவனங்கள் தராத வருமானத்தில் பார்க்கிங்கும் வாடகைக் காரும்தான் தூண். ஆகவே பயணிகளில் முக்கால் பங்கு போனாலும் வருமானத்தில் முக்கால் பங்கு போகவில்லை. அடி வாங்கியவர்கள் கான்கோர்ஸ் உள்ளே கடை போட்டவர்கள். நடந்துபோகும் கூட்டத்தை நம்பி, குறைந்தபட்ச வருடாந்திர வாடகைக்குக் கையெழுத்துப் போட்டவருக்குக் கூட்டம் நின்றாலும் வாடகை நிற்காது. உங்கள் சங்கத்தில் யாராவது நிலையத்துக்குள் கடை எடுக்கப்போனால், பயணிகள் எண்ணிக்கை இத்தனை சதவீதம் குறைந்தால் குறைந்தபட்ச வாடகையும் குறையும் என்ற விதியைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அது இல்லாத ஒப்பந்தம் வேண்டவே வேண்டாம்.

---

நகர்மன்றத்திண்ணை:

எல்லாரும் சுபம் போட்டு முடிப்பதுபோல் தெரிகிறது. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

முதலில், அந்த நிலையம் சின்சினாட்டியிலேயே இல்லை. ஓஹாயோ ஆற்றைத் தாண்டி கென்டக்கி மாநிலம், பூன் கவுன்டி. சிவிஜி என்ற குறியீடே எதிர்க்கரை ஊரான கவிங்டனிலிருந்து வந்தது. நடத்துவது கென்டன் கவுன்டி விமான நிலைய வாரியம். பழைய நகர நிலையமான லங்கன் 1937 வெள்ளத்தில் மூழ்கியது, மேட்டு நிலத்தைத் தேடிப் போனார்கள், மேடு அக்கரையில் கிடைத்தது. இதன் விளைவு என்ன? சின்சினாட்டி நகரம் தன் எல்லைக்குள் சம்பாதிக்கும் சம்பளத்துக்கு 1.8 சதவீத வரி வாங்குகிறது. அதுதான் நகரின் முக்கிய வருமானம். டிஎச்எல், அமேசான் தளங்களில் செய்யும் வேலைக்கான சம்பள வரி, நகரத்தில் குடியிருக்கும் ஊழியர்களுடையது தவிர, இந்தப் பெட்டியில் விழாது. சரக்கு மையத்தால் வட்டாரம் வாழ்கிறது, நகராட்சிக்கு நேராக வருவது கொஞ்சம்தான்.

இரண்டாவது, தலைமை அலுவலகங்கள். சிக்கிட்டா வாழைப்பழ நிறுவனம் 2011இல் சார்லட் போவதாக அறிவித்தபோது விமான வசதியையும் ஒரு காரணமாகச் சொன்னது. (வட கரோலினா கொடுத்த சலுகையும் சேர்ந்ததுதான். பிரேசில்காரர்கள் வாங்கிய பிறகு சார்லட் அலுவலகமும் மூடப்பட்டது என்பது வேறு.) ஹப் இருந்தபோது லண்டன், ஃபிராங்க்ஃபர்ட், ஆம்ஸ்டர்டாம், ரோம் என்று நேரடியாகப் போகலாம். தங்கியது பாரிஸ் மட்டும். ப்ராக்டர் அண்ட் கேம்பிள், ஜிஇ விமான இன்ஜின் பிரிவு போன்ற வாடிக்கையாளர்கள் பக்கத்தில் இல்லாவிட்டால் அதுவும் போயிருக்கும். லண்டன் திரும்ப 2023 ஜூன் ஆனது, அதுவும் பிரிட்டிஷ் ஏர்வேஸில்.

மூன்றாவது, ஓவர்-தி-ரைன் எழுந்ததற்கும் விமான நிலையத்துக்கும் முடிச்சுப் போடாதீர்கள். 2003இல் பெருநிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய 3சிடிசி என்ற லாபநோக்கற்ற அமைப்பு பாழடைந்த கட்டடங்களைத் தெருத்தெருவாக வாங்கிப் பூட்டி, வரிச்சலுகைப் பணத்தோடு சீராக்கியது. விமானம் 600 ஓடியிருந்தாலும் 100 ஓடியிருந்தாலும் அது நடந்திருக்கும். இதில் வாடகை ஏறி வெளியேறியவர்களையும் கணக்கில் வையுங்கள்.

நகர மையத்தையும் நிலையத்தையும் உண்மையில் கட்டிப்போடுவது ஆற்றின் மேலுள்ள பிரென்ட் ஸ்பென்ஸ் பாலம். 1963இல் தினம் 80,000 வண்டிக்கென்று கட்டியது, இப்போது அதைப்போல் இரண்டு மடங்கு ஓடுகிறது. 2020 நவம்பரில் லாரி மோதித் தீப்பிடித்து ஆறு வாரம் மூடியபோது அதன் அருமை எல்லாருக்கும் தெரிந்தது. டிராம் ஆற்றைத் தாண்டுவதில்லை. நிலையத்துக்குப் பொதுப் போக்குவரத்து என்றால் வட கென்டக்கியின் டாங்க் பேருந்துதான். வணிகர் சங்கம் பணம் போட இடம் தேடினால் பேருந்து நேரத்தைக் கூட்டுவதையும் யோசிக்கட்டும்.

---

ஆற்றங்கரை:

நன்றி. பயணிகள் எண்ணிக்கை வேறு, வணிகத்துக்குப் பயன் வேறு என்று புரிகிறது. ஒரு வழித்தடத்துக்கு ஆள் தேறுமா என்று வெளியிலிருந்து கணக்குப் போட முடியுமா? பணம் போடுவதானால் எந்த விதத்தில்?

---

ஓடுபாதை27:

முடியும். அமெரிக்கப் போக்குவரத்துப் புள்ளியியல் அலுவலகம் டிக்கெட்டுகளில் ஒரு மாதிரியை இலவசமாக வெளியிடுகிறது. பல வருடம் அது டிபி1பி என்ற பெயரில், 10 சதவீத மாதிரியாக, காலாண்டுக்கு ஒருமுறை வந்தது. உங்கள் ஊரில் தொடங்கி அந்த ஊரில் முடியும் பயணங்களை எடுங்கள், எங்கே விமானம் மாறினாலும் பரவாயில்லை. 10 சதவீத மாதிரி என்றால் எண்ணிக்கையைப் பத்தால் பெருக்குங்கள். இரு திசைகளையும் கூட்டியிருந்தால் பாதியாக்குங்கள். பிறகு நாட்களால் வகுங்கள். ஒரு நாளைக்கு ஒரு திசையில் இத்தனை பேர் என்று வரும். இந்தத் தொழிலில் எல்லாரும் பேசுவது அந்த எண்ணில்தான்.

அந்த எண் 50 என்று வையுங்கள். இதற்கு இரண்டு விதமாக விமானம் விடலாம். 50 இருக்கை ஜெட் தினம் ஒன்று. அல்லது 186 இருக்கை ஏர்பஸ் ஏ320 வாரத்துக்கு இரண்டு: 372 இருக்கை, ஏழால் வகுத்தால் நாளைக்கு 53. புள்ளிவிவரத்தில் இரண்டும் ஒன்று. ஆனால் செவ்வாய்க்கிழமை போய்ப் புதன்கிழமை திரும்ப வேண்டிய விற்பனைப் பிரதிநிதிக்கு முதலாவது மட்டுமே உதவும். ஃப்ளோரிடா கடற்கரைக்குப் போகும் குடும்பத்துக்கு இரண்டாவது போதும், விலையும் குறைவு. ஹப் போன ஊர்களில் எண்ணிக்கை மீண்டதில் நிறையப் பங்கு இரண்டாவது ரகம். சங்கத்துக்கு எழுதும்போது இதை மேலே போடுங்கள்.

வெளிநாட்டு வழி என்றால் கவனம்: வெளிநாட்டு நிறுவனம் மட்டுமே விற்று ஓட்டிய பயணங்கள் அந்த மாதிரியில் வராது. எண் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். லண்டன் விமானத்தில் பலர் லண்டனோடு நிற்பதில்லை என்பதையும் மறக்காதீர்கள். சின்சினாட்டியிலிருந்து சென்னைக்கு ஹீத்ரோவில் ஒரே மாற்றலில் போகிறவரும் அதில்தான் உட்கார்ந்திருப்பார்.

---

இறங்குஎடை:

பணம் பற்றி. விமான நிலையத்தின் பணத்தை விமான நிறுவனத்துக்கு மானியமாக நேரே கொடுப்பதைக் கூட்டரசு விதி தடுக்கிறது. புதிய சேவைக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, இறங்கு கட்டணத்தைத் தள்ளுபடி செய்யலாம், விளம்பரச் செலவு ஏற்கலாம். அதுவும் தகுதியுள்ள எல்லா நிறுவனத்துக்கும் ஒரே மாதிரி. தள்ளுபடி செய்த தொகையை மற்ற நிறுவனங்கள் தலையில் கட்டவும் கூடாது.

வருமான உத்தரவாதம், அதாவது விமானத்தின் வருமானம் குறைந்தால் அந்தக் குறையை ஈடுகட்டும் உறுதி, கொடுப்பதானால் மாநிலமோ, நகரமோ, தனியாரோ தங்கள் பணத்தில் கொடுக்க வேண்டும். இண்டியானாபொலிஸ்–பாரிஸ் டெல்டா விமானத்துக்கு 2018இல் இண்டியானா மாநிலம் 55 லட்சம் டாலர் வரை என்று உச்சவரம்பு வைத்து ஏற்றது. 2020 பெருந்தொற்றோடு அது நின்றது.

உத்தரவாதத்தில் கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: குறை விழுந்தால் ஊர் கொடுக்கும் என்றதும் நல்ல விலைக்கு விற்கும் அவசரம் நிறுவனத்துக்கு இல்லாமல் போகிறது. மொத்த உச்சவரம்பு, மாதாந்திரக் கணக்கு, கோடையில் கிடைத்த உபரியைக் குளிர்காலக் குறையில் கழிக்கும் விதி, இந்த மூன்றும் இல்லாமல் கையெழுத்து வேண்டாம். உள்ளூர் நிறுவனங்கள் முன்கூட்டியே டிக்கெட் வாங்குவதாக உறுதி தரும் முறையும் உண்டு. முதலாளி மேடையில் உறுதி தருவார். அவர் நிறுவனத்தின் பயண ஒப்பந்தம் வேறொரு விமான நிறுவனத்தோடு இருக்கும், ஊழியர் அதில்தான் பதிவு செய்வார். உறுதி வாங்குமுன் அந்த ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று கேளுங்கள்.

---

நகர்மன்றத்திண்ணை:

கட்டடத்தில் மட்டும் பணத்தைக் கொட்டவேண்டாம் என்றும் எழுதுங்கள். செயின்ட் லூயிஸ் 100 கோடி டாலருக்கு மேல் செலவழித்து, பிரிட்ஜ்டனில் சுமார் 2,000 வீடுகளை எடுத்து, 2006இல் புதிய ஓடுபாதை திறந்தது. அதற்குள் டிடபிள்யூஏ விமான நிறுவனத்தை வாங்கிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அங்கே தன் ஹப்பைச் சுருக்கிவிட்டிருந்தது. கிளீவ்லாந்தில் கான்கோர்ஸ் டி 1999இல் திறந்தது, 2014இல் யுனைடெட் ஹப்பை மூடியதும் பூட்டினார்கள். ஒரே ஆறுதல், அங்கே குத்தகை 2027 வரை என்பதால் காலிக் கட்டடத்துக்கு யுனைடெட் வாடகை கொடுக்க வேண்டியிருந்தது. குத்தகைக் காலத்தையும் கட்டடத்துக்கு வாங்கிய கடன் பத்திரத்தின் காலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முதலாவது குட்டையாக இருந்தால் மீதி வருடங்களுக்கு யார் கட்டுவார் என்று கூட்டத்தில் கேட்கட்டும்.