நீலகிரி மலை ரயிலின் மாதிரியை வீட்டில் அமைத்தல்: அளவும் ஏற்றமும்

கேள்வி:
8 அடி நீளமும் 2 அடி அகலமும் கொண்ட மேடையில், கல்லாறு முதல் குன்னூர் வரையிலான பற்சக்கரப் பாதையின் (எஞ்சினின் பற்சக்கரம் நடுவிலுள்ள பற்தண்டவாளத்தைப் பற்றி ஏறும் பாதை) சாயலை 1:87 அளவில் (உண்மையில் 87-இல் ஒரு பங்கு) அமைக்க விரும்புகிறேன். எந்த அகலத் தண்டவாளம் பொருந்தும்? 12 அடிக்கு 1 அடி உயரும் உண்மையான ஏற்றத்தை அப்படியே வைக்கலாமா?

மறுமொழி 1:
அது மீட்டர் பாதை (தண்டவாளங்களுக்கு இடையே 1 மீட்டர்) என்பதால் 12 மி.மீ. தண்டவாளமே சரி; கடைகளில் எளிதில் கிடைக்கும் 16.5 மி.மீ. தண்டவாளத்தைப் போட்டால் பாதை அகன்று தெரிந்து, மொத்தத் தோற்றமும் கெட்டுவிடும். ஏற்றத்தை அப்படியே வைத்தால் 8 அடியில் 8 அங்குலம் உயரும். பற்தண்டவாளம் இல்லாத சாதாரண மாதிரி எஞ்சின்கள் 3 விழுக்காட்டிலேயே திணறும் நிலையில், இதுவோ 8.33 விழுக்காடு. எனவே நடுவில் பற்தண்டவாளம் பதிப்பது நல்லது. மலையேறும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும் என்பதை மறவாதீர்கள். பலர் அதை முன்னால் மாட்டிவிடுகிறார்கள்.

மறுமொழி 2:
46 கி.மீ. முழுப் பாதையும் இந்த அளவில் அரை கிலோமீட்டரைத் தாண்டும் என்பதால், ஒரு பாலம், ஒரு சுரங்கம் என ஒரே காட்சியைத் தேர்ந்தெடுங்கள். தெர்மாகோலை அடுக்கிச் செதுக்கி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் நனைத்த துணியைப் போர்த்தினால் பாறைச் சரிவு அமையும். காய வைத்த தேயிலைச் சக்கை காட்டுத் தரைக்கு நன்றாகப் பொருந்துகிறது, ஆனால் பூஞ்சை பிடிக்காதபடி முழுவதும் உலர்ந்திருக்க வேண்டும். கல்லாறு பக்கம் என்றால் தேயிலைத் தோட்டம் வேண்டாம், பாக்குமரங்களை நடுங்கள்.