புதுப்பிப்பு: கோத்தகிரிப் பக்கம் இரவு அல்ட்ரா (மாரத்தானைவிட நீண்ட ஓட்டம்), 100 கி.மீ., முடித்துவிட்டேன்

போன மாதம் இங்கே இரண்டு கேள்வி கேட்டிருந்தேன்: பனிமூட்டத்தில் தலைவிளக்கு வெறும் வெள்ளைச் சுவரைத்தான் காட்டுகிறது, நள்ளிரவுக்கு மேல் ஜெல் (ஓடும்போது சக்திக்காகச் சாப்பிடும் இனிப்புக் கூழ்) சாப்பிட்டால் குமட்டுகிறது, என்ன செய்வது? பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. 17 மணி 40 நிமிடத்தில் முடித்தேன்.

விளக்கை இடுப்பில் கட்டச் சொன்ன குன்னூர் அண்ணனுக்குப் பெரிய கும்பிடு. கண்ணுக்குப் பக்கத்திலிருந்து அடிக்கும் வெளிச்சம் பனித்துளியில் பட்டுக் கண்ணுக்கே திரும்புகிறது. கீழே இறக்கியதும் தேயிலைச் சரிவின் ஓரக் கல், சேற்றில் பதிந்த செருப்புத் தடம் வரை தெரிந்தது. நிழல் நீளமாக விழுவதால் பள்ளமும் தப்பவில்லை. வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்தது இன்னும் நல்லது.

வயிற்றுக்கு, 60-வது கி.மீ.க்குப் பிறகு ஜெல்லை விட்டுவிட்டு உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, அரை மணிக்கு நாலு வாய். குமட்டல் வரவில்லை. வர்க்கி (நீலகிரியின் மொறுமொறு பிஸ்கட்) சாப்பிடச் சொன்ன யோசனைதான் எனக்கு ஒத்துவரவில்லை. வாயெல்லாம் மாவாகி, இருந்த தண்ணீரும் தீர்ந்தது.

எதிர்பாராதது இரண்டு. விடியுமுன் விரல் மரத்துப்போய் பையின் ஜிப்பை இழுக்க முடியவில்லை. கையுறை அந்தப் பைக்குள்தான் இருந்தது! அப்புறம், ஒரு வளைவில் காட்டெருமை. நகரவேயில்லை. மூன்று பேர் விளக்கைத் தாழ்த்திக்கொண்டு, மூச்சுக் காட்டாமல் இருபது நிமிடம் நின்றோம்.

குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதால் உபரியைச் சட்டைக்குள் வைத்திருந்தேன். மூன்று மணிக்கு மாற்றியது, காலைவரை தாங்கியது.