புதுப்பிப்பு: தகர டப்பாவில் கிடைத்த துப்பாக்கிப் பாகங்கள்

ஒஹாயோவில், காலமான முதியவர் ஒருவரின் வீட்டுச் சாமான் விற்பனையில் 40 டாலருக்கு வாங்கிய தகர டப்பாவில் இருப்பவை எந்தத் துப்பாக்கியின் பாகங்கள், என்ன விலை பெறும் என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். கம்பித் தூரிகை பட்டால் மேற்பூச்சும் மதிப்பும் போய்விடும் என்று நீங்கள் எச்சரித்தபடி, மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழந்துணியால் மட்டுமே துடைத்தேன். இறுகிய கிரீஸ் கரைந்ததும், போல்ட்டின் (தோட்டாவைக் குழலின் பின்முனையில் தள்ளிப் பூட்டும் பாகம்) மேல் 'டி28287-12எஸ்ஏ' என்ற எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன. ஸ்ப்ரிங்ஃபீல்ட் அரசுப் படைக்கலச் சாலை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் செய்த எம்1 கேரண்ட் என்ற அமெரிக்க ராணுவத் துப்பாக்கியின் போல்ட் அது.

என்னை உண்மையில் நெகிழவைத்தது, போல்ட்டை முன்னும் பின்னும் இயக்கும் தண்டான ஆப்பரேட்டிங் ராடுதான். கைப்பிடி சேரும் சதுர மூலையில் விரிசல் விழுந்ததால், போருக்குப் பின் பழுதுபார்க்க வந்த ராடுகளில் அங்கே அரைவட்டமாக வெட்டினார்கள்; வெட்டப்படாதவை அதனாலேயே அரிதாகி, சேகரிப்பாளர்களிடம் கூடுதல் விலை பெறுகின்றன. என்னுடையது வெட்டப்படாதது. ஆனால், உருப்பெருக்கியில் பார்த்தபோது அந்த மூலையில் மயிரிழை விரிசல் ஒன்று ஓடுகிறது. எனவே சுடுவதற்கு உதவாது என்று எழுதிக் காட்டித்தான் விற்பேன்.

மற்றப் பாகங்களைத் தாங்கும் உடற்பகுதியான ரிசீவர்தான் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி துப்பாக்கியாகவே கருதப்படும்; அது டப்பாவில் இல்லை, இருப்பவை உதிரிப் பாகங்கள் மட்டுமே. விலைக்கு, விற்பவர்கள் கேட்கும் தொகையை விட்டுவிட்டு, ஏலங்களில் விற்று முடிந்த தொகைகளையே குறித்து வருகிறேன்.