இரவு ரோந்துக்குக் கம்பு எடுத்துப் போகலாமா?

மாடிவீட்டுக்காரன் கேட்டது:
எங்கள் தெருவில் ஒரே மாதத்தில் இரண்டு பைக் காணாமல் போய்விட்டது. பன்னிரண்டு பேர் சேர்ந்து இரவு ரோந்து போவதாக முடிவு செய்திருக்கிறோம். யார் எந்த நாள் என்று பட்டியல் போடும் வேலை என் தலையில். முதல் கூட்டத்திலேயே தகராறு. ஆளுக்கொரு கம்பு வேண்டும் என்கிறார்கள் பாதிப் பேர். கம்பு எடுத்தால் நாங்கள் வரமாட்டோம் என்கிறார்கள் மூன்று பேர். இதற்குள் வாட்ஸ்அப் குழுவில் 'சந்தேகப்படும்படியான ஆள்' என்று ஒருவர் படம் போட்டுவிட்டார். பார்த்தால் எதிர்வீட்டு மருமகன்! அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். கம்பு தேவையா? இதெல்லாம் எத்தனை நாள் தாங்கும்?

டார்ச்லைட்:
வேண்டாம். நாங்களும் கம்போடுதான் ஆரம்பித்தோம். நான்காம் நாள், இரவு ஒன்றரை மணி. மூடிய கடை வாசலில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். ஆறு பேர் போய்ச் சுற்றி நின்றோம். அவன் எழுந்து ஓடினான், நாங்களும் துரத்தினோம். தெருமுனையில் விழுந்து அவனுக்கு முழங்கை விலகிவிட்டது. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு விடியட்டும் என்று உட்கார்ந்திருந்தவன். "திருடன் இல்லையென்றால் ஏன் ஓடினான்?" என்று எங்களில் ஒருவர் கேட்டார். ஸ்டேஷனில் இருந்த அதிகாரி, "ஆறு பேர் கம்போடு வந்தால் நான்கூட ஓடுவேன்" என்றார். மருத்துவச் செலவை நாங்கள்தான் கொடுத்தோம்.

அதன்பின் இரண்டிரண்டு பேராகத்தான் போனோம். தனியாகவும் இல்லை, கும்பலாகவும் இல்லை. தூரத்திலிருந்தே தெரிகிற ஒளிரும் சட்டை, டார்ச், சார்ஜ் ஏற்றிய போன், ஒரு நோட்டு. யார் யார் வருகிறோம் என்று காவல் நிலையத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டோம். கிளம்பும் நேரத்தை மட்டும் தினமும் மாற்றினோம். நோட்டில் 'ஆள் ஒரு மாதிரி இருந்தான்' என்று எழுதக் கூடாது. என்ன செய்தான் என்று எழுத வேண்டும். வரிசையாக மூன்று வண்டிகளின் பூட்டை இழுத்துப் பார்த்தானா? உடனே போலீசுக்குப் போன் போடுங்கள், எட்டி நில்லுங்கள். சும்மா நடந்து போனானா? அது அவன் பாடு.

ஜன்னலோரம்:
டார்ச்லைட் சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். அமெரிக்காவில் 1972-இல் தொடங்கிய அக்கம்பக்கக் கண்காணிப்புத் திட்டம் தொண்டர்களுக்குச் சொல்வதே 'பார், தகவல் சொல்' என்பதுதான். ஆயுதம் கூடாது, பின்தொடரக் கூடாது. 2012-இல் ஃபுளோரிடாவின் சான்ஃபோர்டில் அப்படி ஒரு கண்காணிப்புத் தொண்டர், கையில் ஆயுதம் எதுவும் இல்லாத 17 வயது டிரேவான் மார்ட்டினைச் சுட்டுக் கொன்றார். பின்னால் போக வேண்டியதில்லை என்று போலீஸ் தொலைபேசியில் சொன்ன பிறகு நடந்தது அது. மறு ஆண்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. பையன் போனது போனதுதான்.

சைக்கிள்காரர்:
கம்பு இல்லாவிட்டாலும் வீரம் காட்டும் ஆசை வரும், ஜாக்கிரதை. நியூயார்க் ரயில்களில் 1979-இலிருந்து சிவப்புத் தொப்பியோடு ரோந்து போன 'கார்டியன் ஏஞ்சல்ஸ்' ஆயுதம் வைத்துக்கொள்ளாதவர்கள்தான். ஆனால் ஆரம்ப காலச் சாகசங்களில் சில விளம்பரத்துக்காக ஜோடித்தவை என்று 1992-இல் நிறுவனரே ஒப்புக்கொண்டார். உங்கள் வாட்ஸ்அப் குழுவில் முதலில் படம் போடுவதை நிறுத்துங்கள்.

மாடிவீட்டுக்காரன்:
சரி, கம்பு இல்லை. எத்தனை நாள் தாங்கும் என்பதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே?

டார்ச்லைட்:
மூன்றாவது வாரம் பாதிப் பேருக்குத் தலைவலி வரும். வாரம் ஒருமுறை, ஒன்றரை மணி நேரம், அதற்கு மேல் யாரிடமும் கேட்காதீர்கள். எங்களில் கடைசிவரை நிலைத்தது ஏழு பேர், அதில் நான்கு பேர் பெண்கள். அப்புறம், எங்கள் நோட்டில் இரண்டு வருடத்தில் திருடன் என்று எழுதியது ஒரே ஒரு தடவை. எரியாத தெருவிளக்கு நாற்பத்தொரு தடவை. உங்கள் பைக்குகள் போன இடத்தில் விளக்கு எரிகிறதா என்று இன்றிரவு பார்த்துவிட்டு எழுதுங்கள்.