இன்-இயர் போட்டதும் காணாமப் போன பேஸ், தோள்ல திரும்பக் கெடச்சுது

ஆம்ப், அதான் கிடார் சத்தத்த பெருசாக்குற ஸ்பீக்கர் பெட்டி, அது முன்னாடி நின்னு ஈ ஸ்ட்ரிங்க ஒரு தடவ அடிச்சா வயித்துல இருந்து நெஞ்சு வரைக்கும் கும்முனு ஏறுமே, நான் பேஸ் கிடார் எடுத்ததே அதுக்காகத்தான். பேண்ட் இன்-இயருக்கு, அதாவது ஸ்பீக்கருக்கு பதிலா காதுக்குள்ள மாட்டிக் கேக்குற இயர்போனுக்கு மாறினதும் மேடையில சத்தம் கொறஞ்சு எல்லாருக்கும் சந்தோஷம், எனக்கு மட்டும் கையில பேஸ் இருக்கு ஒடம்புல இல்ல. வெரல் அழுத்தாம அடிக்கிற ஓப்பன் ஈ 41 ஹெர்ட்ஸ், அஞ்சு ஸ்ட்ரிங் பேஸ்ல பி 31 கிட்ட, அவ்ளோ கீழ காது மந்தம்தானே, பத்தலையேன்னு வால்யூம ஏத்திக்கிட்டே போயி ராத்திரி படுத்தா காதுல ஙொய்ய்ய்னு ஒரே சத்தம், அதுல நெஜமாவே பயந்துட்டேன்.

அப்புறம்தான் கிடார் ஸ்ட்ராப்ல மாட்டுற, வாசிக்கிற நோட்ட அதிர்வா தோளுக்குக் குடுக்குற அதிர்வு பாக்ஸ் வாங்கினேன். மொத நாள் ஏமாத்தம்தான், பாக்கெட்ல போன் அடிக்கிற மாதிரி டர்ர்ருனு இருந்துச்சு. சட்ட மடிப்பு மேல உக்காந்திருந்ததுதான் பிரச்சன, ஸ்ட்ராப்ப இறுக்கி தோள்பட்ட எலும்பு மேல ஒட்டினாப்ல வச்சதும் அதிர்வு உள்ள எறங்குச்சு, கண்ண மூடிட்டு அந்த ஒரு நோட்டையே எத்தன தடவ அடிச்சேன்னு தெரியல.

ஆனா நான் எதிர்பாக்காதது வேற. ட்ரம்மர் ஸ்னேர், அதான் பளிச்சுனு வெடிக்கிற அந்த சின்ன ட்ரம்ம அடிக்கிறாரு, என் தோள்ல முந்தின நோட் இன்னும் அதிர்ந்துக்கிட்டே இருக்கு! ஆம்ப்போட கும்கும்ல இத்தன வருஷமா எனக்கு இது தெரியவே இல்ல. நோட்ட எப்ப ஆரம்பிக்கிறோம்னுதான் பாத்துட்டு இருந்தேன், எங்க நிறுத்துறோம்னு தோள்தான் சொல்லிக் குடுத்துச்சு. இப்ப ஸ்னேருக்கு சரியா எடது கை வெரல லேசா தூக்கி நோட்ட மியூட் பண்றேன், அதான் நிறுத்துறேன், அதிர்வு டக்குனு நிக்குது, அந்த எடவெளியில ஸ்னேர் தனியா பளிச்சுனு விழுது.

ஸ்ருதிக்கு மட்டும் இத நம்பாதீங்க, பக்கத்து பக்கத்து ரெண்டு நோட்டு தோலுக்கு ஒண்ணு மாதிரிதான் தெரியும், அதுக்கு காதுதான். நேரமும் நீளமும்தான் இதோட வேல.

— — —

அண்ணா, நீங்க சொன்ன அந்த நீளம் விஷயம் நூத்துக்கு நூறு. எனக்கு ஒரு பக்கம் காது ரொம்ப கம்மியா கேக்கும், முதுகுல பை மாதிரி மாட்டுற, பேஸ அதிர்வா தர்ற சப்பேக் வச்சுதான் ப்ராக்டிஸ் பண்றேன். தாள வாத்தியக் கலைஞர் ஈவ்லின் க்ளென்னி 12 வயசுக்குள்ளயே கேக்குற சக்தி கிட்டத்தட்ட முழுசா போயும் வெறுங்கால்ல நின்னு அதிர்வ வாங்கி தாளம் வாசிக்கிறாங்கன்னு தெரிஞ்சப்பதான் எனக்கும் தைரியம் வந்துச்சு.

புதுசா வாங்குறவங்களுக்கு ஒண்ணு, வாசிக்கும்போது ப்ளூடூத் வேண்டாம், ஒயர் போடுங்க. ப்ளூடூத்ல 100 மில்லிசெகண்ட் தாண்டி லேட் ஆகுறது சாதாரணம், நிமிஷத்துக்கு 120 பீட் போற டெம்போல ஒரு சிக்ஸ்டீன்த் நோட்டே, அதாவது ஒரு பீட்ல கால் பங்கே, 125 மில்லிசெகண்ட்தான், வெரல் ஒரு எடத்துல முதுகு ஒரு எடத்துலன்னு ஆயிடும். நான் ஒரு வாரம் அப்படி வாசிச்சுட்டு என் டைமிங்தான் போச்சுன்னு அழுதிருக்கேன், ஒயர் மாட்டின அன்னிக்கே சரியாயிடுச்சு.